நாலு விரல் பெட்ரோல்

1

தம்பியின் கடிதம் போன வாரம் வந்தது. ஒரு பக்கம்தான். என்னைப் போலவே அவனுக்கும் எழுத்து சுலபத்தில் வராது. இரண்டு சேதி எழுதியிருந்தான். நம்ம காரைக்கால் பேரளம் ரயிலை நிறுத்திவிட்டார்களாம். நரிமணம் பக்கம் வயலுக்குள் எண்ணெய் எடுக்கிறார்களாம்.

என் மனைவி சகாயம் கடிதத்தை வாங்கிப் படித்தாள்.

"ரயில நிறுத்திட்டு எண்ணெய் எடுக்குறாங்களா? நல்லாத்தான் இருக்கு" என்றாள். மடித்துக் கொடுத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

எனக்கு அன்றைக்கு வேலை ஓடவில்லை. எழுபத்திரண்டில் அந்த ரயிலில்தான் ஊரை விட்டு வந்தேன். சனிக்கிழமை. திருநள்ளாறு ஸ்டேஷனில் தலை ஈரத்தோடு கூட்டம் ஏறியது. ஓர் அம்மா எங்கள் பெட்டி மேல் நல்லெண்ணெய் பாட்டிலை வைத்துவிட்டு பேரளம் வரைக்கும் தூங்கினாள். மூடி சரியில்லை. பாரிஸில் கஸ்டம்ஸ்காரன் பெட்டியைத் திறக்கவில்லை. மோந்து பார்த்தான். போ என்று கை காட்டிவிட்டான்.

நம்ம சங்கத்து ஊர் மலர் புத்தகத்துக்கு ஏதாவது எழுதச் சொல்லி ரொம்ப நாளாகக் கேட்கிறீர்கள். பிரான்சில் எப்படி இருக்கிறீர்கள் என்று. எனக்குத் தெரிந்தது பெட்ரோல் ஊற்றுவது ஒன்றுதான். அதைத்தான் எழுத முடியும்.

2

ஐந்தாவது வரை படித்தேன். பதினெட்டு வயதில் காரைக்காலில் ஒரு பங்க்கில் சேர்ந்தேன். கையால் சுற்றுகிற பம்பு. வலது தோள் இன்றைக்கும் இடதை விடப் பெரிசு.

நம்ம பக்கம் வரி கம்மி. விலையும் கம்மி. நாகூர், நாகப்பட்டினம், மாயவரம் கார் எல்லாம் நம்ம ஊருக்கு வந்துதான் நிரப்பும். வரும்போது டேங்க் காலியாக இருக்க வேண்டும் என்று கணக்குப் பண்ணி வருவார்கள். சிலருக்குக் கணக்கு தப்பும். எல்லையில் வாஞ்சூர் செக்போஸ்ட் தாண்டும்போது கார் நின்றுவிடும். அங்கே நிற்கிற நாலு பேர், என்ன ஏது என்று கேட்காமல் தள்ள ஆரம்பிப்பார்கள்.

"அந்தோணி, இன்னிக்கு எத்தன பேரு தள்ளிக்கிட்டு வந்தாங்க?" என்று எங்கள் முதலாளி கேட்பார். பெரிய மரைக்காயர். வெள்ளைச் சட்டையில் ஒரு சொட்டு எண்ணெய் படாது.

"ரெண்டு கார் மொதலாளி. ஒரு லாரி."

"லாரியையுமா தள்ளுனானுவோ? அல்லா!"

நம்ம ஊர்க்காரர்கள் வெளியூரில் பெட்ரோல் போட மாட்டார்கள். அது ஒரு மானப் பிரச்சினை. டாக்டர் ஒருத்தர் திருச்சிக்குப் போனால் டிக்கியில் இரண்டு கேன் போகும். காசு மிச்சம் அவருக்குப் பெரிசில்லை. நம்ம ஊரில் கிடைக்கிறதை அங்கே போய் ஏன் வாங்குவது என்பார். எனக்கும் அதே புத்தி. வண்டி இல்லாதபோதே அந்தப் புத்தி வந்துவிட்டது.

காலையில் முதல் வேலை அளவுக் குச்சி. தரைக்கு அடியில் டேங்க். குச்சியில் சாக்குக்கட்டி தேய்த்து உள்ளே விட வேண்டும். எடுத்தால் நனைந்த கோடு தெரியும். அதற்கு ஒரு பட்டியல் உண்டு. இத்தனை உயரத்துக்கு இத்தனை லிட்டர். ஒரு நாளும் எனக்குத் தப்பியது கிடையாது. அந்தக் குச்சியை நம்பின மாதிரி நான் எதையும் நம்பவில்லை.

3

அறுபத்திரண்டில், பிரெஞ்சுக் குடியுரிமையா இந்தியக் குடியுரிமையா என்று கேட்டபோது, அப்பா பிரெஞ்சு பக்கம் கையெழுத்துப் போட்டார், என்னையும் போட வைத்தார். அதனால்தான் நான் இங்கே. மெய்ரியில், அதாவது இங்கத்து முனிசிபாலிட்டியில், முதல் தடவை போனபோது குமாஸ்தா அம்மா பிறந்த நாடு எது என்று கேட்டாள். நான் பிறந்தபோது பிரான்ஸ், இப்போது இந்தியா என்றேன். அவள் பிரான்ஸ் என்று எழுதினாள். அடித்தாள். இந்தியா என்று எழுதினாள். அதையும் அடித்தாள். கடைசியில் அந்த இடத்தை விட்டுவிட்டாள். பதினாறு வருஷமாக என் அட்டையில் அந்த இடம் காலிதான்.

நாங்கள் இருப்பது வடகிழக்குக் கோடி. இருபது நிமிஷம் காரில் போனால் லுக்சம்பூர். சின்ன நாடு. அங்கே பெட்ரோல் விலை கம்மி. பிரெஞ்சுக்காரன், ஜெர்மன்காரன், பெல்ஜியக்காரன் எல்லாரும் அங்கே வந்துதான் நிரப்புகிறான். எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு பங்க்கில் எனக்கு வேலை. போன அன்றைக்கே எனக்குச் சிரிப்பு வந்தது. ஆண்டவர் என்னை எங்கே கொண்டுபோனாலும் வாஞ்சூரில்தான் நிறுத்துவார் போல.

என்னோடு பியேத்ரோ என்று ஓர் இத்தாலிக்காரர் வேலை பார்த்தார். இங்கத்து இரும்புச் சுரங்கத்தில் இருந்தவர். சுரங்கம் மூடினதும் பங்க்குக்கு வந்தார். இரண்டு பேருக்கும் பிரெஞ்சு அரைகுறை. அதனால் நன்றாகப் புரிந்துகொண்டோம்.

எழுபத்து மூணு கடைசியில் பெட்ரோல் விலை ஏறியது. ஜெர்மனியில் ஞாயிற்றுக்கிழமை காரே ஓடக் கூடாது என்று போட்டார்கள். எங்கள் பங்க்கில் வரிசை ரோடு வரைக்கும் நின்றது. ஆளுக்கு இரண்டு கேன். கோட்டுப் போட்ட பெரிய மனிதர் ஒருவர் பூவாளியை நீட்டினார். பியேத்ரோ பிடித்துக் கொடுத்தார். அவர் போனதும் என்னிடம் சொன்னார்.

"எங்க சுரங்கத்துலயும் நூறு வருஷத்துக்கு இருக்குன்னாங்க. நான் அடியைக் கண்ணால பாத்தேன். வெறும் பாறை."

எண்ணெயும் அப்படித்தானா என்று கேட்டேன்.

"குச்சி விடுறவன் நீ. என்கிட்ட கேக்குற?"

அது எனக்கு அப்படியே நின்றுவிட்டது. எந்த டேங்க்குக்கும் அடி உண்டு. பூமிக்கு அடியில் இருக்கிறதும் ஒரு டேங்க்தான். லாரி வந்து அதை நிரப்பாது.

இதை வீட்டில் ஒரு தடவை சொன்னேன். சகாயத்தின் தம்பி ஆரோக்கியம் அன்றைக்குச் சாப்பிட வந்திருந்தான். கார் ஃபாக்டரியில் வேலை. வாய் ஓயாது.

"கேட்டியாக்கா? பெட்ரோல் ஊத்துறவரே பெட்ரோல நம்பல. அத்தான், நீங்க பேசாம ஊத்துங்க. தீந்தா வெள்ளைக்காரன் வேற எதையாவது கண்டுபிடிப்பான்."

"எத?"

"அது எனக்கு எப்படித் தெரியும்? நான் கதவு மாட்டுறவன்."

எங்களைக் குன்றுமேல் வீட்டுக்குக் குடி மாற்றினதும் அவன்தான். சரிவில் வரிசையாகப் புது வீடு. வாடகை குறைச்சல், தோட்டம் உண்டு. பஸ் காலையில் ஒன்று, சாயந்தரம் ஒன்று. ரயில் ஸ்டேஷன் பன்னிரண்டு கிலோமீட்டர். "கார் இருந்தா எல்லாம் பக்கம்தான் அத்தான்" என்றான். ஒரு பழைய காரையும் அவனே பிடித்துக் கொடுத்தான்.

4

எங்களுக்கு ஒரே மகள். பிலோமினா. ஊரை விட்டு வரும்போது எட்டு வயசு. நாங்கள் தமிழில் கேட்போம், அவள் பிரெஞ்சில் பதில் சொல்வாள். எப்போது அப்படி ஆனது என்று தெரியாது. ஒரு நாள் கவனித்தால் அப்படி ஆகியிருந்தது.

அவளுக்கு நர்ஸ் ஆக வேண்டும். வேறு எதுவும் கேட்டதில்லை. அதற்கு ஒரு நுழைவுப் பரீட்சை. வருஷத்துக்கு ஒரு தடவைதான். எண்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கிற பெரிய டவுனில், காலை ஒன்பது மணிக்கு. எட்டு மாதம் படித்தாள். சமையலறை மேசையில் எலும்புப் படம் விரித்திருக்கும், அதைத் தள்ளிவிட்டுத்தான் சோறு போடுவாள் சகாயம்.

பரீட்சைக்கு முதல் நாள் பிலோமி சொன்னாள். "அப்பா, என்னை ஸ்டேஷன்ல விட்டுடு. ரயில்ல போய்க்கிறேன்."

"எதுக்கு ரெண்டு வண்டி? நானே கொண்டுபோய் விடுறேன்" என்றேன்.

அவளைப் பரீட்சைக்குக் காரில் கொண்டுபோய் இறக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. அவ்வளவுதான் காரணம்.

அந்த வாரம் எனக்குக் காய்ச்சல். நாலு நாள் வேலைக்குப் போகவில்லை. அதனால் லுக்சம்பூர் பக்கம் பெட்ரோல் போடவில்லை. எங்கள் காரில் பெட்ரோல் காட்டுகிற முள் வேலை செய்யாது. நான் ஒரு குச்சி வைத்திருந்தேன். பின்னால் நம்பர் பலகைக்கு மேல் டேங்க் வாய். உள்ளே விட்டால் நேராக இறங்கும். எத்தனை விரல் நனைந்தால் எத்தனை தூரம் என்று எனக்கு மனப்பாடம். அன்று காலையில் வீட்டு வாசலில் நின்றபடி விட்டுப் பார்த்தேன். நாலு விரல். போய்த் திரும்பி, மேற்கொண்டும் ஓடும்.

குன்றுக்குக் கீழே ஒரு பங்க் இருக்கிறது. பிரெஞ்சு விலை.

"அங்க கொஞ்சம் போட்டுக்குங்களேன்" என்றாள் சகாயம்.

"நாலு விரல் இருக்கு."

ஆறே முக்காலுக்குக் கிளம்பினோம். பிலோமி பக்கத்தில் உட்கார்ந்து உதட்டுக்குள் படித்துக்கொண்டு வந்தாள். முப்பத்தைந்து கிலோமீட்டர் போயிருப்போம். கார் இருமியது. மறுபடி இருமியது. ரோட்டோரம் போய் நின்றது.

மூடியைத் திறந்து குச்சியை விட்டேன். காய்ந்து வந்தது.

"என்னப்பா?"

"பெட்ரோல் இல்ல."

அவள் என்னைப் பார்த்தாள். கடிகாரத்தைப் பார்த்தாள்.

கையைக் காட்டினேன். கார்கள் பறந்தன. அந்த வேகத்தில் அவர்களுக்கு என் முகம் தெரிந்திருக்காது. வாஞ்சூரில் நிற்கிற அந்த நாலு பேரில் ஒருத்தன் இருந்தால் போதும் என்று நினைத்தேன். வயலுக்கு அந்தப் பக்கம் மேட்டில் ரயில் போனது. அவள் போகிறேன் என்று சொன்ன ரயில். ஜன்னலில் தலைகள் தெரிந்தன.

ஒரு கிராமத்துக்கு நடந்தோம். அங்கே இருந்த பங்க் மூடி வருஷமாகியிருந்தது. பம்பு இருந்த இடத்தில் பூந்தொட்டி. ஒரு குடியானவர் டிராக்டர் கழுவிக்கொண்டிருந்தார்.

"டீசல்தான் இருக்கு முசே. உங்களுக்கு ஆகாது." என் மகளின் முகத்தைப் பார்த்தார். "ரொட்டி வண்டி வரும். அது டவுனுக்குத்தான் போகுது. கேட்டுப் பாருங்க."

ரொட்டி வண்டி வந்தது. பெரிய மனசுக்காரன், ஏற்றிக்கொண்டான். ஆனால் அது ரொட்டி வண்டி. வீட்டுக்கு வீடு நிற்கும். ஹாரன் அடிப்பான். கதவு திறக்கும். ஒரு கிழவி செருப்பை மாட்டிக்கொண்டு வருவாள். நேற்று ரொட்டி தீய்ந்திருந்தது என்பாள். இவன் பதில் சொல்வான். சில்லறை எண்ணுவாள்.

"ஒரே நிமிஷம் மத்மசெல்" என்பான் பிலோமியிடம். அப்படிப் பதினோரு தடவை சொன்னான்.

பிலோமி மடியில் ரொட்டிக் கூடை. இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

ஒன்பது இருபதுக்குப் போய்ச் சேர்ந்தோம். கதவு மூடியிருந்தது. மணி அடித்தேன். ஜன்னலுக்கு ஓர் அம்மா வந்தாள். பரீட்சைக் காகிதத்தில் ஒரு வரியை விரலால் காட்டினாள். கதவு மூடிய பிறகு யாருக்கும் அனுமதி இல்லை. அந்த அம்மாவைக் குறை சொல்ல முடியாது. காரணம் என்ன என்று கேட்டாள். எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் பெட்ரோல் முடிந்தது என்றேன். அவள் ஒரு படிவத்தில் "சொந்தக் காரணம்" என்று எழுதி முத்திரை குத்திக் கொடுத்தாள். அடுத்த வருஷம் கொண்டுவரச் சொன்னாள்.

பிலோமி படிக்கட்டில் உட்கார்ந்தாள். பேனாப் பெட்டியைத் திறந்தாள், மூடினாள். அப்புறம் தமிழில் சொன்னாள்.

"பசிக்குதுப்பா."

ரொட்டிக்காரன் இறங்கும்போது ஒரு ரொட்டி கொடுத்திருந்தான். பிட்டுத் தின்றோம்.

5

ஆரோக்கியம் ஞாயிற்றுக்கிழமை வந்தான். விஷயம் தெரிந்ததும் முதலில் சிரித்தான்.

"ரெண்டு தேசத்துல பெட்ரோல் ஊத்துன ஆளு, நடுரோட்டுல நின்னுட்டாரு!"

யாரும் சிரிக்கவில்லை. பிலோமி தட்டை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள். அவன் முகம் சுருங்கிவிட்டது. "சும்மா சொன்னேன்க்கா" என்றான்.

நாலு விரல் எப்படிக் காய்ந்தது என்று எனக்கு விளங்கவில்லை. ஒழுகவில்லை. யாரும் எடுக்கவில்லை. அன்றைக்கே ஒரு கேன் வாங்கி ஊற்றிக் காரை மீட்டுக் கொண்டுவந்திருந்தேன். வேலைக்குப் போனதும் பங்க்கில் வைத்துக் குச்சி விட்டேன். ஒரு விரல் காட்டியது. அதே காரை வீட்டுக்கு ஓட்டிவந்து வாசலில் நிறுத்தி மறுபடி விட்டேன். நாலு விரல்.

வீட்டு வாசல் சரிவு. காரின் மூக்கு மேலே, பின்பக்கம் கீழே. எண்ணெய் எல்லாம் பின்பக்கம் வந்து தேங்கும். குச்சி இறங்குவதும் பின்பக்கம். அது வரைக்கும் நான் அளந்ததெல்லாம் பங்க்கு வாசலில், சமதளத்தில். நம்ம ஊரில் எங்கே நிறுத்தினாலும் சமதளம்தான். காரைக்கால்மேடு என்று பேர், அங்கேயும் மேடு கிடையாது. ஊரை விட்டு வந்த முப்பத்தாறு வயசு வரைக்கும் நான் சரிவில் எதையும் நிறுத்தினதில்லை.

சரிவு தெரியாதது ஒரு தப்பு. அதை மன்னிக்கலாம். கீழே பங்க் இருந்தும் போடாமல் போனேனே, அது வேறு. விலை அல்ல. எல்லைக்கு இந்தப் பக்கம் போட மாட்டேன் என்கிற அந்தப் புத்தி. அதுக்காக என் மகள் ஒரு வருஷம் ஆஸ்பத்திரியில் தரை துடைத்தாள். படிக்கப் போக வேண்டிய இடத்தில் துடைத்தாள்.

குச்சி விஷயத்தை அவளிடம் நான் சொல்லவில்லை. இப்போது இதில் எழுதுகிறேன். அவளுக்குத் தமிழ் படிக்க வராது.

அடுத்த வருஷம் பரீட்சை என்றைக்கு என்று எங்களிடம் சொல்லவில்லை. ஒரு மொபெட் வாங்கியிருந்தாள். இருட்டோடு எழுந்து அதில் ஸ்டேஷனுக்குப் போய், ரயில் பிடித்துப் போய், எழுதிவிட்டு வந்து, சாயந்தரம் சகாயத்திடம் சொன்னாள். பாஸ் பண்ணினாள். மழையோ பனியோ, அதற்கப்புறம் அவள் என் காரில் ஏறவில்லை. கோபமாகப் பேசினதும் இல்லை. மொபெட் இருக்குப்பா என்பாள்.

6

இப்போது அவள் நர்ஸ். வீடு வீடாகப் போய்ப் பார்க்கிற நர்ஸ். ஊசி போடுவது, புண்ணுக்கு மருந்து வைப்பது. இந்த வேலைக்கு மொபெட் ஆகாது என்று ஒரு சின்ன கார் வாங்கினாள். ஒரு நாளைக்குத் தொண்ணூறு கிலோமீட்டர். பதினாலு வீடு.

இந்தப் பனிக்காலத்தில் வழுக்கி விழுந்து அவளுக்கு மணிக்கட்டு எலும்பில் கீறல். மூன்று வாரம் கட்டு. ஒரு கையால் ஊசி போடுவாளாம், காரைத்தான் ஓட்ட முடியாது. வேலைக்குச் சேர்ந்து நாலு மாதம்தான் ஆகிறது. போகவில்லை என்றால் அந்தப் பதினாலு வீட்டையும் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள்.

நான் தோட்டத்தில் பனி தள்ளிக்கொண்டிருந்தேன். வந்து நின்றாள்.

"அப்பா, மூணு வாரம் ஓட்டுறியா?"

"ம்."

"ஏழரைக்கு முதல் வீடு. லேட் ஆகக் கூடாது."

"ஆகாது."

லீவு போட்டேன். அன்றைக்கே அவள் காரை எடுத்துக்கொண்டு கீழே இருக்கிற பங்க்குக்குப் போனேன். வழிய வழியப் போடச் சொன்னேன். அந்த ஆள் என்னை உற்றுப் பார்த்தான்.

"நீங்க அந்தப் பக்கத்து பங்க் ஆள்தானே?"

"ஆமா. நீ ஊத்து."

மூன்று வாரம் ஓட்டினேன். போகிற வீடெல்லாம் தள்ளித் தள்ளி இருக்கிறது. நடுவில் ஒன்றும் இல்லை. கார் வந்த பிறகு, காரை நம்பிக் கட்டின வீடுகள். கட்டினபோது அவர்களுக்கு நாற்பது வயசு. இப்போது எழுபத்தைந்து. கண் தெரியாது, ஓட்ட முடியாது. ரொட்டி வண்டிகூட இந்தப் பக்கம் வருவதை நிறுத்திவிட்டது, பெட்ரோல் செலவு கட்டுபடியாகவில்லை என்று. ஓர் ஊரில் பழைய ரயில் ஸ்டேஷனில் யாரோ குடியிருக்கிறார்கள். பிளாட்ஃபாரத்தில் துணி காய்கிறது.

தம்பிக்குப் பதில் எழுத வேண்டும். உங்களுக்கும் அதேதான். பஸ் இருக்கிறது, ரயில் எதற்கு என்று யாராவது சொல்வார்கள். எண்ணெய்தான் வயலிலேயே வருகிறதே என்றும் சொல்வார்கள். எனக்கும் ஒருத்தன் அப்படிச் சொன்னான், கார் இருந்தா எல்லாம் பக்கம்தான் என்று. தண்டவாளம் கிடக்கட்டும். பிடுங்க விடாதீர்கள். வேறு எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

பதினாலாவது வீடு ரோடு முடிகிற இடம். வயசான ஒரு மதாம், தனி. காலில் ஆறாத புண். முதல் நாள் என்னைப் பார்த்து யார் என்று கேட்டாள்.

"என் டிரைவர்" என்றாள் பிலோமி.

"பிலோமி" என்றேன், அதட்டுகிற மாதிரி. அவள் சிரித்தாள். எத்தனையோ வருஷம் கழித்து என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

கட்டுப் போட்டு முடித்ததும் அந்த மதாம் வாசல் வரை வருவாள். தினமும் ஒரே கேள்வி. "நாளைக்கும் வருவீங்கல்ல?" பிலோமி வருவோம் என்பாள்.

நேற்றோடு மூன்று வாரம் முடிந்தது. இனிமேல் பிலோமியே ஓட்டுவாள். நேற்று மதாம் வீட்டு வாசலில் காரைத் திருப்பி வைத்து எஞ்சினை ஓடவிட்டு உட்கார்ந்திருந்தேன். பிலோமி உள்ளே பையைக் கட்டிக்கொண்டிருந்தாள். மதாம் கதவைப் பிடித்துக்கொண்டு என்னிடம் கேட்டாள்.

"நாளைக்கும்?"

"நாளைக்கும்" என்றேன்.

எத்தனை நாளைக்கு என்று அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.